கிழக்குக் கிரீன்லாந்தின் கரையை வரைபடத்தில் வாசிப்பது எப்படி?

கிரீன்லாந்தின் வரைபடத்தை விரித்தால், மேற்குக் கரை நெடுக ஊர்ப்பெயர்கள் அடுத்தடுத்து நிற்பதையும், கிழக்குக் கரை ஏறக்குறைய வெறுமையாகக் கிடப்பதையும் ஒரே பார்வையில் காணலாம். கிழக்கில் நகரம் என்று சொல்லத்தக்கவை இரண்டே. ஒன்று தாசீலாக், மற்றொன்று அங்கிருந்து வடகிழக்கே 800 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் இட்டொக்கொர்ட்டூர்மீட். தாசீலாக்கைச் சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்த்துக்கொண்டால்கூட, இக்கரையில் வாழ்வோர் ஏறத்தாழ 3,000 பேர்தான். குளிர் மிகுதி, ஆகவே மக்கள் இல்லை என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் மேற்குக் கரையில் இட்டொக்கொர்ட்டூர்மீட்டைவிட வடக்கே, 77 பாகைக்கும் மேலே, கானாக் என்ற ஊர் இருக்கிறது. ஆகவே குளிரை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

சரியான விடையை வரைபடமும் செயற்கைக்கோள் படங்களும் கொண்டு நீங்களே கண்டடையும் முறையைத்தான் இங்கே விளக்குகிறேன். எடுத்துக்காட்டாக, இட்டொக்கொர்ட்டூர்மீட் அமைந்திருக்கும் ஸ்கோர்ஸ்பி சுந்து என்னும் பெரும் ஃபியோர்டை, அதாவது மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடற்கிளையை, எடுத்துக்கொள்வோம். முதலில் கடல், பிறகு நிலம், பிறகு பெயர்கள், கடைசியில் வீடுகள் என்பதே வரிசை. பெரும்பாலோர் நிலத்தில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படியே தொடங்கினேன். பள்ளத்தாக்குகளையும் சமவெளிகளையும் பார்த்து, ஊர் இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று நான் குறித்த இடங்களில் ஒன்றில்கூட ஊர் இல்லை.

தொடங்கும் முன் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இணையத்தில் புழங்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டவை. அந்த முறையில் 70 பாகை வட அகலாங்கில் உள்ள தொலைவு, நிலநடுக்கோட்டில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீண்டு தெரியும். பரப்போ எட்டு மடங்குக்கு மேல் பெருத்துவிடும். எனவே கண்ணளவை நம்பாமல், ஒரு பாகை அகலாங்கு என்பது எங்கும் சுமார் 111 கி.மீ. என்றும், 70-வது பாகையில் ஒரு பாகை நெட்டாங்கு என்பது சுமார் 38 கி.மீ. மட்டுமே என்றும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்கள் கையில் இருந்தால், ஃபியோர்டின் வாய் சுமார் 30 கி.மீ. அகலம் என்பதையும், அதன் கிளைகள் உள்நாட்டுக்குள் 350 கி.மீ. வரை செல்கின்றன என்பதையும் நீங்களே அளந்து சரிபார்க்கலாம். உலகின் மிகப் பெரிய ஃபியோர்டுத் தொகுதி இதுவே.

கடலை வாசித்தல்

இக்கரையின் கதையைப் பெரிதும் எழுதியது ஒரு நீரோட்டம். ஆர்க்டிக் பெருங்கடலிலிருந்து ஸ்வால்பார்டுக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணை வழியாக வெளிவரும் குளிர்ந்த கிழக்குக் கிரீன்லாந்து நீரோட்டம், கரையை ஒட்டித் தெற்கே இறங்கும்போது, பல ஆண்டு உறைந்து தடித்த கடற்பனியையும் சுமந்துவருகிறது. டேனிய மாலுமிகள் இதை ஸ்டோரிஸ், அதாவது பெரும்பனி என்பார்கள். மேற்குக் கரையின் தென்பாதிக்கு அட்லாண்டிக்கிலிருந்து சற்று வெதுவெதுப்பான நீர் வந்து சேர்வதால், அங்குள்ள துறைமுகங்கள் குளிர்காலத்திலும் திறந்திருக்கின்றன. கிழக்குக் கரைக்கோ இந்தப் பனிப்பட்டை ஆண்டின் பெரும்பகுதியில் மதில்போல் நிற்கிறது. கப்பல் ஒன்று இட்டொக்கொர்ட்டூர்மீட்டை எட்ட வேண்டுமானால், கோடையின் பிற்பகுதியில் வாய்க்கும் சில வாரங்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இதைக் கண்ணால் காண, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தைத் திறந்து, 70.5 பாகை வடக்கு, 22 பாகை மேற்கு என்ற இடத்துக்குச் செல்லுங்கள். ஏப்ரலில் வானம் தெளிந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் வெள்ளையாகத் தெரிவதால் எது மேகம், எது பனி என்ற குழப்பம் முதலில் வரும். அலைவரிசைச் சேர்க்கையை 7-2-1 என்று மாற்றினால், பனியும் உறைநீரும் நீலப்பச்சை நிறமாகவும், நீர்த்துளிகளால் ஆன தாழ்ந்த மேகங்கள் வெண்மையாகவும் பிரிந்துவிடும். அதன்பின் ஒரு நாள் முன்னும் பின்னுமாக நகர்த்திப் பாருங்கள். ஃபியோர்டின் உட்பகுதியில் உள்ள பனி, நாள்கள் கடந்தாலும் வடிவம் மாறாமல் இருக்கும். அது கரையோடு பிணைந்து உறைந்த நிலைப்பனி. வெளிக்கடலில் உள்ள பனித்துண்டுகள் ஒவ்வொரு நாளும் தெற்கு நோக்கி நகர்ந்திருக்கும், அவை மிதவைப்பனி.

இப்போது ஃபியோர்டின் வாயை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். நிலைப்பனி முடிந்து மிதவைப்பனி தொடங்கும் இடைவெளியில், கறுப்பு மையைச் சிந்தியதுபோல ஒரு திட்டு தெரியும். அதுதான் பொலின்யா: சுற்றிலும் கடல் உறைந்து கிடக்கும்போதும் காற்றாலும் நீரோட்டத்தாலும் திறந்தே இருக்கும் நீர்ப்பரப்பு. சில நாள்களில் அது விரிந்து பெரிதாகும். சில நாள்களில் மெல்லிய புதுப்பனி படர்ந்து சாம்பல் நிறமாகும். அடுத்த பலத்த காற்றில் மறுபடியும் கறுக்கும். ஒரு வாரப் படங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்துவிட்டு, பிறகு வரைபடத்தில் ஊரைத் தேடுங்கள். அந்தக் கறுப்புத் திட்டின் வடக்கு ஓரத்தில், லிவர்பூல் லேண்டின் தென்கோடியில் இட்டொக்கொர்ட்டூர்மீட் உட்கார்ந்திருக்கும்.

திறந்த நீர் இருந்தால் ஒளி உள்ளே இறங்குகிறது, வசந்தத்தில் நுண்பாசி முன்கூட்டியே பெருகுகிறது, அதைத் தின்னும் சிற்றுயிர்கள் வருகின்றன, அவற்றைத் தேடி லிட்டில் ஆக் என்னும் சிறிய கறுப்பு வெள்ளைக் கடற்பறவைகள் லட்சக்கணக்கில் வந்து பாறைச்சரிவுகளில் கூடு வைக்கின்றன. சீல்கள், வால்ரஸ்கள், நார்வால்கள் ஆகியவை பனி விளிம்பில் மூச்சுவிட மேலே வருகின்றன. அவற்றுக்காகப் பனிக்கரடி வருகிறது. வேட்டையை நம்பி வாழும் மனிதரும் அங்கேயே குடிசை போடுகிறார்கள். நல்ல மண், குடிநீர், காற்றுமறைவு ஆகியவற்றைப் பார்த்து ஊர் அமைக்கும் வழக்கத்தில் ஊறிய நமக்கு, பனி விளிம்பைப் பார்த்து ஊர் அமைப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கரையில் சோறு போடும் வயல் அந்த விளிம்புதான்.

நம் இலக்கண மரபு நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. இங்கே அவ்விரண்டையும் பிரித்துப் படிக்கவே முடியாது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை இட்டொக்கொர்ட்டூர்மீட்டில் சூரியன் உதிப்பதில்லை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதி வரை மறைவதில்லை. எனவே குளிர்காலத்துக்குச் சாதாரணப் படங்கள் பயன்படமாட்டா. அந்த மாதங்களுக்கு, இருளிலும் மேகத்தினூடேயும் காணவல்ல சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்களை நாட வேண்டும். டேனிய வானிலை நிறுவனம் இவற்றையும் பனி வரைபடங்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுகிறது. ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் திறந்த நீர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காற்றில்லாத நீரும் வழவழப்பான புதுப்பனியும் ஒரேபோல் இருளாகத் தெரியும். காற்றடிக்கும் நீர் வெளிறித் தெரியும்.

நிலத்தை வாசித்தல்

கடலுக்குச் செலவிட்ட நேரத்தில் கால்பங்கு நிலத்துக்குப் போதும். ஃபியோர்டைச் சுற்றி மூன்று வகை நிலம் இருக்கிறது. மூன்றையும் மலையின் உருவத்தைக் கொண்டே பிரிக்கலாம். வடகிழக்கே லிவர்பூல் லேண்ட் பழம்பாறையால் ஆனது. கொடுமுடிகளும் சிறு பனியாறுகளும் நிறைந்து, பல்வரிசைபோல் காணப்படும். அதற்கு மேற்கே ஹரி இன்லெட் என்னும் குறுகிய கிளையைத் தாண்டினால் ஜேம்சன் லேண்ட்; படிவுப்பாறைகளால் ஆன, மெல்ல உருண்டு செல்லும் தாழ்ந்த நிலம் அது. கோடையில் செயற்கைக்கோள் படத்தில் பழுப்பும் பச்சையுமாகத் தெரியும் பரப்பு அதுவே. கஸ்தூரி எருதுகள் மேய்வதும் காட்டு வாத்துகள் இறகுதிர்ப்பதும் அங்கேதான். தெற்குக் கரையிலோ எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்த பசால்ட் மேட்டுநிலம் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. படகைக் கரையேற்றவே இடம் கிடைப்பது அரிது.

மேற்கே ஃபியோர்டு கிளைகளாகப் பிரிந்து மில்னே லேண்ட் என்ற பெரிய தீவைச் சூழ்கிறது. வடமேற்குக் கிளையின் தலைப்பில் டாகார்ட்-யென்சன் பனியாறு கடலைத் தொட்டுப் பெரும் பனிமலைகளை உடைத்து விடுகிறது. அந்தக் கிளையின் ஆழம் சில இடங்களில் 1,400 மீட்டரைத் தாண்டுவதால் மிகப் பெரிய பனிமலைகளும் தரைதட்டாமல் வெளியேறி, ஆழம் குறைந்த ஹால் பிரெட்னிங் பகுதியில் சிக்கி நிற்கின்றன. படத்தில் ஆண்டுக்கணக்கில் நகராத வெள்ளைப் புள்ளிகள் அங்கே தெரிந்தால், அவற்றைத் தீவு என்று எண்ணிவிட வேண்டாம்.

நிலத்தை வாசிக்கத் தெரிந்துவிட்டதா என்று சோதிக்க ஒரு கேள்வி: ஊர் லிவர்பூல் லேண்டில் இருக்க, விமானத்தளம் ஏன் சுமார் 40 கி.மீ. தள்ளி ஜேம்சன் லேண்டில் இருக்கிறது? நெர்லெரிட் இனாட் என்னும் அந்தத் தளத்தை 1985-இல் அமைத்தது, எண்ணெய் தேடி வந்த ஒரு நிறுவனம். ஓடுபாதைக்குத் தேவையான சமதளம் ஊருக்கு அருகே இல்லை, தாழ்நிலத்தில் இருந்தது. எண்ணெய் கிடைக்கவில்லை, ஓடுபாதை மட்டும் மிஞ்சியது. இன்றும் ஊருக்குச் செல்வோர் அங்கே இறங்கி ஹெலிகாப்டருக்கு மாற வேண்டும். வாத்துகளின் இருப்பிடம் என்பது அந்தப் பெயரின் பொருள். தாழ்நிலத்தைப் பற்றி மேலே சொன்னதைப் பெயரே உறுதிப்படுத்துகிறது.

பெயர்களை வாசித்தல்

இக்கரைப் பெயர்கள் பல மொழி அடுக்குகளாகக் கிடக்கின்றன. ஆங்கிலப் பெயர்கள் பெரும்பாலும் 1822-ஐச் சேர்ந்தவை. திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவரான இளைய வில்லியம் ஸ்கோர்ஸ்பி அவ்வாண்டு பனிப்பட்டையைத் துளைத்துக் கரையை நெருங்கி, நெடுந்தொலைவு வரைபடமாக்கினார். ஃபியோர்டுக்குத் தம் தந்தையின் பெயரையும், தாழ்நிலத்துக்கு எடின்பரோப் பேராசிரியர் ராபர்ட் ஜேம்சனின் பெயரையும், மலைநிலத்துக்குத் தாம் புறப்பட்டுவந்த துறைமுகத்தின் பெயரையும் இட்டார். வடக்கே கைசர் ஃபிரான்ஸ் யோசஃப் ஃபியோர்டு போன்ற ஜெர்மன் பெயர்கள் 1869–70-இல் வந்த ஜெர்மானியப் பயணக்குழுவின் தடம். உட்கிளைகளில் டேனியப் பெயர்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம், 1891–92-இல் அங்கே குளிர்காலத்தைக் கழித்து உட்பகுதியை வரைந்த கார்ல் ரைடரின் குழு. ஒரு பெயரின் மொழியைப் பார்த்தே, அந்த மூலைக்கு யார் முதலில் வரைபடத்தோடு வந்தார்கள் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

கிரீன்லாந்து மொழிப் பெயர்களே நமக்கு மிகவும் பயன்படுபவை. அவை வந்து போனவரைப் பற்றியல்லாமல் இடத்தைப் பற்றிப் பேசுகின்றன. இட்டொக்கொர்ட்டூர்மீட் என்றால் பெரிய வீடுகளில் வாழ்வோர் என்று பொருள். இதே பெயரை மேற்குக் கிரீன்லாந்து வழக்கில் இல்லொக்கொர்ட்டூர்மியூட் என்று எழுதுவார்கள். மேற்கின் லகர இரட்டிப்பு கிழக்கில் டகர இரட்டிப்பாக மாறுவதை இந்த ஒரு சொல்லிலேயே காணலாம். சொற்களும் வேறுபடுகின்றன. இறந்தவரின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற பழைய விலக்கு கிழக்கில் வலுவாக இருந்தது. மக்கட்பெயர்கள் பெரும்பாலும் அன்றாடப் பொருள்களின் பெயர்களாகவே இருந்ததால், ஒருவர் இறந்ததும் அந்தப் பொருளுக்கும் புதுச்சொல் தேட வேண்டியிருந்தது. எனவே மேற்கின் அகராதியை வைத்துக்கொண்டு கிழக்கின் பெயர்களைப் பிரிக்க முயன்றால் அடிக்கடி தடுமாறுவீர்கள். ஊரிலிருந்து தெற்கே சுமார் ஏழு கி.மீ. தொலைவிலுள்ள கேப் டோபினின் உள்ளூர்ப் பெயர் ஊனார்டெக், சூடான இடம். அருகே வெந்நீரூற்று இருக்கிறது.

வீடுகளை வாசித்தல்

கடைசியாக, யார் எப்போது இங்கே வாழ்ந்தார்கள் என்பதைக் கடற்படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 1822-இல் ஸ்கோர்ஸ்பி கரையிறங்கியபோது கைவிடப்பட்ட வீடுகளைக் கண்டார், ஆளைக் காணவில்லை. மறு ஆண்டு டக்ளஸ் கிளேவரிங் என்ற பிரித்தானியக் கப்பல் தலைவர், வடக்கே இன்று அவர் பெயரைத் தாங்கும் தீவில் 12 இனுயிட் மக்களைச் சந்தித்தார். சில நாள்கள் அவரோடு பழகிய அவர்கள், துப்பாக்கியொலி கேட்டு அஞ்சி, கூடாரங்களை அப்படியே விட்டு அகன்றுவிட்டார்கள். வடகிழக்குக் கிரீன்லாந்தின் பூர்விக மக்களை வெளியார் கண்டதாகப் பதிவாகியிருப்பது அதுவே கடைசி. அந்தத் தீவுக்குக் கிழக்கே கடலில் என்ன இருக்கிறது என்று ஏப்ரல் படத்தில் பாருங்கள். அங்கும் ஒரு பொலின்யா இருக்கிறது. சிரியஸ் வாட்டர் என்பது அதன் பெயர்.

இன்றைய ஊர் 1925-இல் தோன்றியது. தாசீலாக் பகுதியில் மக்கள் பெருகி வேட்டை குறைந்துவந்தது ஒரு காரணம். நார்வே இக்கரைக்கு உரிமை கோரிவிடும் என்ற டென்மார்க்கின் அச்சம் மற்றொரு காரணம். டேனிய ஆய்வுப் பயணியான எய்னார் மிக்கெல்சன் 1924-இல் வந்து வீடுகளைக் கட்டினார். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 80 பேர், பெரும்பாலும் தாசீலாக் பகுதியினர், கப்பலில் கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். 1931-இல் நார்வே வடக்கே ஒரு பகுதியைத் தனதென்று அறிவிக்கவும் செய்தது. ஹேக் நகரிலிருந்த பன்னாட்டு நிரந்தர நீதிமன்றம் 1933-இல் டென்மார்க்குக்கே தீர்ப்பளித்தது. ஆக, குடியேற்றத்தைத் தூண்டியது தலைநகரத்து அரசியல். ஆனால் வீடுகள் எழும்பிய இடம், பழைய குடிகள் வாழ்ந்து விட்டுப்போன அதே ஃபியோர்டு வாய். குடியேறியவர்களில் சிலர் கேப் டோபினிலும் கேப் ஹோப்பிலும் வீடு கட்டினார்கள். அவையும் பனி விளிம்புக்கு அருகில் இருப்பவையே. அவ்விரு சிற்றூர்களும் பின்னர் வெறுமையாகி, இன்று சுமார் 350 பேர் கொண்ட நகரம் மட்டும் நிற்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மெஸ்டர்ஸ்விக், ‘எல்லா’ என்ற பெயருடைய தீவு, டேன்போர்க், டென்மார்க்ஸ்ஹாவன் என்று பெயரிட்ட புள்ளிகள் வருகின்றன. நான் முதன்முறை இவற்றை ஊர்கள் என்று கணக்கில் சேர்த்துவிட்டேன். 1974-இல் அமைக்கப்பட்டு 1988-இல் விரிவாக்கப்பட்ட, 9,72,000 சதுர கி.மீ. பரப்புள்ள வடகிழக்குக் கிரீன்லாந்து தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை அவை. அங்கே நிரந்தரக் குடிகள் எவரும் இல்லை. மெஸ்டர்ஸ்விக் பழைய ஈயச் சுரங்கத்தின் மிச்சம். டேன்போர்க் நாய்வண்டிகளில் ரோந்து செல்லும் சிரியஸ் படைப்பிரிவின் தளம். டென்மார்க்ஸ்ஹாவன் வானிலை நிலையம். கரை நெடுகப் புள்ளியிட்டிருக்கும் குடில்களோ நரித்தோலுக்காகக் குளிர்காலங்களைக் கழித்த நார்வேஜிய, டேனிய வேட்டையர்கள் விட்டுச்சென்றவை. ஒரு புள்ளியைக் கண்டால், அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அது ஊரல்ல. நேரில் பார்க்க விரும்புவோர், பூங்காவுக்குள் நுழைய அரசின் முன்அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

முறை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் பார்த்துவிடுங்கள். தாசீலாக்கைக் கொண்டு சோதிக்கலாம். 1884-இல் டேனியக் கடற்படை அதிகாரி குஸ்டாவ் ஹோல்ம் தோல்படகுகளில் அங்கே சென்றடைந்தபோது 413 பேரைக் கணக்கெடுத்தார். பத்தாண்டுக்குப் பின் டென்மார்க் அங்கே வணிக நிலையமும் சமயப்பணி நிலையமும் நிறுவியது. அந்த ஊருக்கு எதிரே ஸ்கோர்ஸ்பி சுந்தில் இருப்பதுபோன்ற பெரும் பொலின்யாவைத் தேடினால் கிடைக்காது. அதற்குப் பதிலாக, சுற்றியுள்ள தீவுகளுக்கிடையே பெரிதாக்கிப் பாருங்கள். குறுகிய நீரிணைகளில் ஓதத்தின் வேகம் பனியைத் தின்றுகொண்டே இருப்பதால் சிறு சிறு கறுப்புக் கீற்றுகள் தெரியும். அப்படிப்பட்ட ஓரிடத்தில் அமைந்த சிற்றூரின் பெயரான டினிடெகிலாக், கடல் வற்றும்போது நீர் இறங்கிவிடும் நீரிணையைக் குறிக்கிறது. பகுதியின் பழைய பெயரான அம்மாசலிக், காப்லின் என்னும் சிறுமீன் கிடைக்கும் இடத்தைக் குறிக்கிறது. தாசீலாக் என்பதன் பொருள் ஏரிபோல் அமைதியானது. ஊர் நிற்கும் ஒடுங்கிய குடாவை வரைபடத்தில் பார்த்தால், பெயரிட்டவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது விளங்கும்.